புது வக்கீல் எந்த சீனியரிடம் சேரலாம்?

கேட்டவர் திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரைச் சேர்ந்த பெண். சட்டப்படிப்பு முடித்து, பார் கவுன்சிலில் பதிவும் செய்துவிட்டார். வீட்டில் இதற்கு முன் யாரும் கறுப்புக் கோட்டுப் போட்டதில்லை. கையில் மூன்று இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பெரிய பெயர் எடுத்த, ‘மூத்த வழக்கறிஞர்’ அந்தஸ்து பெற்ற ஒருவரின் அலுவலகம். இரண்டு, பக்கத்து ஊர் முன்சீப் கோர்ட்டில், அதாவது கீழ்மட்ட சிவில் கோர்ட்டில், பதினெட்டு வருடமாகத் தொழில் செய்யும் ஒரு வக்கீல். மூன்று, சென்னையில் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கும் ஒரு சட்ட நிறுவனம். அங்கே மாதம் 35,000 தருவதாகச் சொல்கிறார்கள். ‘வீட்டில் எல்லோரும் பெரிய ஆளிடம் போ என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?’ என்பது கேள்வி.

நான் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரண்டு சீனியர்களிடம் இருந்தேன். ஒருவரிடம் ஒன்றரை வருடம் வீணாய்ப் போனது, இன்னொருவரிடம்தான் வக்கீல் ஆனேன். என்னிடமும் சில ஜூனியர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் நான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்காமல் விட்டவர்களும் உண்டு. அதனால் இரண்டு பக்கமும் தெரிந்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சட்டப்படி உங்களுக்கு சீனியரே தேவையில்லை. ஒரு காலத்தில் வக்கீலாகப் பதிவு செய்வதற்கு முன்பே பயிற்சிக் காலம் உண்டு. வழக்கறிஞர்கள் சட்டத்திலிருந்த அந்தத் தேவையை 1973இல் எடுத்துவிட்டார்கள். 1995இல் இந்திய பார் கவுன்சில் ஒரு வருடப் பயிற்சியை விதி போட்டுத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தது. அந்த அதிகாரம் பார் கவுன்சிலுக்கு இல்லை என்று 1999இல் உச்ச நீதிமன்றம் விதிகளை ரத்து செய்தது. இப்போது இருப்பதெல்லாம் அகில இந்திய பார் தேர்வு ஒன்றுதான், அதையும் புத்தகத்தைத் திறந்து வைத்துத்தான் பல வருடம் எழுதினார்கள். ஆக, பதிவு செய்த மறுநாளே தனியாக போர்டு மாட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். மாட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் தொழிலைக் கற்றுக்கொண்டது கட்சிக்காரர்களின், அதாவது வழக்கை நம்பி ஒப்படைத்தவர்களின், செலவில். ஒரு பாட்டியின் வீடு கைவிட்டுப் போன பிறகுதான், வழக்குப் போடக் கெடு வைக்கும் காலவரையறைச் சட்டம் என்று ஒன்று இருப்பது புரிகிறது.

இப்படிச் சட்டம் கட்டாயப்படுத்தாததால்தான் தேர்வு முழுக்க உங்கள் தலையில் விழுகிறது. மருத்துவம் படித்தவருக்கு ஆஸ்பத்திரி ஒதுக்குவார்கள். சி.ஏ. படிப்பவருக்குப் பயிற்சிக் காலத்துக்கென்று விதி இருக்கிறது. நமக்கு ஒரு போன் நம்பரும் ‘மாமாவுக்குத் தெரிந்தவர்’ என்ற சிபாரிசும்தான்.

என் முதல் சீனியர் அப்படிக் கிடைத்தவர்தான். பெரிய பெயர், பெரிய ஆபீஸ், சுவர் நிறைய சிவப்பு அட்டைப் புத்தகங்கள். காலையில் டைரியைப் பார்த்து எட்டுப் பத்து வழக்குக் கட்டுகளைக் கையில் திணிப்பார்கள். ஒவ்வொரு கோர்ட்டாக ஓடி, ‘சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார், பாஸ் ஓவர் வேண்டும்’ என்பேன், அதாவது வழக்கைக் கொஞ்சம் கழித்து எடுக்கச் சொல்வது. மதியம் ஆனால் ‘வாய்தா வேண்டும்’ என்பேன், அதாவது வேறு தேதி. இந்த இரண்டு வாக்கியத்தை ஒன்றரை வருடம் சொன்னேன். ஒரு நாள் நீதிபதியான முன்சீப் நிமிர்ந்து பார்த்து, ‘தம்பி, நீங்க வாதிக்கா, பிரதிவாதிக்கா?’ என்றார். பதில் சொல்வதற்குக் கட்டின் மேலட்டையைத் திருப்பிப் பார்த்தேன். கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு இறங்கவில்லை.

அதைவிட மோசமானது பிறகு நடந்தது. ஒரு வழக்கில் எதிருரை, அதாவது பிரதிவாதியின் பதில், தாக்கல் செய்யக் கடைசி வாய்தா. எதிருரை தயாராகவில்லை, எனக்கு அது கடைசி வாய்தா என்பதே தெரியாது. வழக்கம்போல வாய்தா கேட்டேன். எங்கள் தரப்பைக் கேட்காமலே வழக்கு எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. கட்சிக்காரர் கேட்டபோது சீனியர் என்னைக் கையால் காட்டி, ‘இந்தப் பையன் சொல்லலைங்க’ என்றார். நான் டைரியில் எழுதி அவர் மேஜையில் வைத்திருந்தேன். சரி, அது போகட்டும். அன்றைக்குப் புரிந்த விஷயம்: இந்த ஆபீஸில் என் பிழையைத் திருத்த ஆள் இல்லை, சுமத்தத்தான் ஆள் இருக்கிறது.

இரண்டாவது சீனியர் ஒரு சின்ன ஊர்க்காரர். ஓட்டுக் கட்டடம், ஒரே குமாஸ்தா, மரப் பெஞ்சு. சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பத்திரத்தைக் கொடுத்து, ‘பிராது எழுது’ என்றார், அதாவது வழக்கைத் தொடங்கும் மனு. நில வழக்கு. பத்திரத்தில் சொத்து விவரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கெல்லை, இப்படி இருந்தது: ‘வாய்க்காலுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு வடக்கு…’ நான் பிராதில் அழகாகத் தட்டச்சு செய்தேன்: ‘கிழக்கில் வாய்க்கால், வடக்கில் வண்டிப்பாதை.’

மறுநாள் பிராது சிவப்பு மையில் திரும்பி வந்தது. அந்த இடத்தில் ஒரு வட்டம்.

‘நம்ம நிலம் வாய்க்காலுக்கு எந்தப் பக்கம்ப்பா?’

‘கிழக்க சார்.’

‘அப்ப வாய்க்கால் நிலத்துக்கு எந்தப் பக்கம்?’

எனக்கு உடனே வரவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டிவிஎஸ் 50இல் பின்னால் உட்கார வைத்து நிலத்துக்கே கூட்டிப்போனார். வரப்பில் நிற்க வைத்து, ‘இப்ப வாய்க்காலுக்கு எந்தப் பக்கம் நிக்கிற?’ என்றார். கிழக்கே நின்றேன். வாய்க்கால் எனக்கு மேற்கே ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்காலுக்குக் கிழக்கு என்றால் வாய்க்கால் மேலெல்லை. பத்திரம் எழுதியவர் நின்ற இடம் வேறு, நான் நின்று வாசித்த இடம் வேறு. நான் எழுதியபடி வழக்குப் போட்டு, எதிராளி வராமல் டிகிரியே, அதாவது தீர்ப்பாணையே, கிடைத்திருந்தாலும், அதை நிறைவேற்றப் போகும் கோர்ட் ஊழியரான அமீனா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து நிலத்தில் போய் நின்றிருப்பார். பத்து வருட வழக்கு ஒரு வரியில் செத்திருக்கும்.

இந்தக் கதையை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஜூனியராக இருக்கும் வருடங்களில் நீங்கள் வாங்கும் உண்மையான சம்பளம் திருத்தம். நீங்கள் எழுதியதை ஒருவர் வரி வரியாகப் படித்து, தப்பை வட்டம் போட்டு, ஏன் தப்பு என்பதை உங்களுக்குப் புரியும் வரை விடாமல் காட்டுவது. அதைச் செய்கிறவர் பெரிய ஆளா, சின்ன ஆளா என்பது இரண்டாம் பட்சம். பெரிய ஆட்களில் செய்கிறவர்கள் உண்டு, சின்ன ஊர் வக்கீல்களில் தனக்கே எழுத வராதவர்களும் உண்டு. ஆகவே ஆளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது, அவர் ஆபீஸில் கட்டு எப்படி நகர்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

அதை எப்படிப் பார்ப்பது? சேர்வதற்கு முன் இரண்டு வாரம் கோர்ட்டில் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த வக்கீலின் வழக்கு வரும் நாட்களை ஈ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துவிடலாம். அவருடைய ஜூனியர் எழுந்து நிற்கும்போது கவனியுங்கள். வாய்தா மட்டும் கேட்கிறாரா, சின்ன மனுக்களிலாவது பேசுகிறாரா? நீதிபதி ஒரு கேள்வி கேட்டால் ஜூனியருக்குப் பதில் தெரிகிறதா? தப்பு நடக்கும்போது சீனியர் என்ன செய்கிறார் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். என் இரண்டாவது சீனியர் கோர்ட்டில் ‘எங்கள் ஆபீஸ் பிழை, ஐயா, நாளைக்குச் சரிசெய்து தருகிறோம்’ என்பார். ஆபீஸுக்கு வந்து காதைத் திருகுவார், அது வேறு. எல்லோர் முன்னும் ஜூனியரைக் காட்டிக்கொடுப்பவரிடம் நீங்கள் பயத்தைத்தான் கற்றுக்கொள்வீர்கள். பயந்த ஜூனியர் தப்பை மறைப்பார். இந்தத் தொழிலில் மறைத்த தப்புதான் ஆளைக் கொல்லும்.

அப்புறம், அவரிடமிருந்து விலகிப்போனவர்களைத் தேடிப் பேசுங்கள். இப்போது இருப்பவர்கள் நல்லதைத்தான் சொல்வார்கள், பாவம், அவர்களுக்கு வேறு வழி இல்லை. விலகியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: ‘அங்கே இருந்தபோது எத்தனை சாட்சியை நீங்களே விசாரித்தீர்கள்?’ நாலு வருடம் இருந்தவர் ஒன்றுகூட இல்லை என்றால் கதை புரிந்துவிடும். அங்கே இருந்து போனவர்கள் இன்றைக்குத் தனியாக நிற்கிறார்களா, தொழிலையே விட்டுவிட்டார்களா என்றும் பாருங்கள்.

வக்காலத்தில், அதாவது கட்சிக்காரர் வக்கீலை நியமித்துக் கையெழுத்திடும் தாளில், உங்கள் பெயர் ஏறுமா என்று முதல் சந்திப்பிலேயே கேட்கலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. நம் ஊரில் ஒரே வக்காலத்தில் நான்கைந்து பெயர் அச்சடித்திருப்பது வழக்கம். பெயர் இருந்தால்தான் அந்த வழக்கில் நீங்கள் ஆஜரானதற்குத் தடயம். இது எங்கே உதவும் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, உங்கள் முதல் வாய்ப்புக்கு வருகிறேன். வீட்டில் எல்லோருக்கும் பிடித்தது அதுதான். ‘மூத்த வழக்கறிஞர்’ என்பது வயதைக் குறிப்பதல்ல. வழக்கறிஞர்கள் சட்டம் பிரிவு 16இன்படி நீதிமன்றம் கொடுக்கும் அந்தஸ்து அது. அதோடு கட்டுப்பாடுகளும் வரும். அவர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கு வாங்க முடியாது. இன்னொரு வக்கீல் கூட இல்லாமல் ஆஜராக முடியாது. பிராது, அபிடவிட் (உறுதிமொழிப் பத்திரம்) எழுதும் வேலையை ஏற்க முடியாது, மற்றவர் எழுதியதைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். இதை உங்கள் இடத்திலிருந்து யோசியுங்கள். அந்த ஆபீஸுக்கு வரும் கட்டு, வேறொரு வக்கீல் கட்சிக்காரரைச் சந்தித்து, கதையைக் கேட்டு, பொய்யைப் பிரித்து, எழுதி, தாக்கல் செய்து, கோர்ட் குறை சொல்லித் திருப்பியனுப்பும் ரிட்டர்ன் வாங்கி, திரும்பத் தாக்கல் செய்து, வழக்கு நம்பர் ஆக்கிய பிறகு வரும் கட்டு. அதாவது சமைத்த சாப்பாடு. நீங்கள் பரிமாறக் கற்றுக்கொள்வீர்கள்.

பரிமாறுவதும் பெரிய வித்தைதான், அதை மறுக்கவில்லை. நாற்பது பக்க அபிடவிட்டில் வழக்கு எந்த ஒரு வரியில் நிற்கிறது என்று கண்டுபிடிப்பது, அதை இரண்டு நிமிடத்தில் நீதிபதியின் காதில் போடுவது, எதிர்ப்பக்கத் தீர்ப்பை ஒப்புக்கொண்டே தாண்டிப் போவது… இதையெல்லாம் அப்படிப்பட்ட ஆபீஸில்தான் தினமும் பார்க்கலாம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் நேரடியாகப் போடும் ரிட் மனுக்களில் பெரும்பாலும் சாட்சிக் கூண்டே கிடையாது, எல்லாம் அபிடவிட்டில் முடிந்துவிடும். குறுக்கு விசாரணை என்பது கீழ்க்கோர்ட்டில் நின்று, தப்பான கேள்வி கேட்டு, சாட்சி சொன்ன பதிலில் வழக்கு ஆடிப்போவதைக் கண்ணால் பார்த்துக் கற்பது. மூன்று நான்கு வருடம் அதைச் செய்துவிட்டு பெரிய ஆபீஸுக்குப் போனவர்கள், நேராக அங்கே போனவர்களைவிட வேகமாக வளர்வதைப் பார்த்திருக்கிறேன். உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கி நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு வீட்டில் ஒரு அப்பாவோ சித்தப்பாவோ வக்கீலாக இருந்து, ராத்திரிச் சாப்பாட்டில் பிராது எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பார். உங்களுக்கு அது இல்லை.

மதுரைக் கிளை 2004 ஜூலையில் திறந்த பிறகு உங்கள் பகுதிக்கு ஒரு வசதியும் வந்திருக்கிறது. முன்பெல்லாம் ஒரு ரிட் மனுவுக்கே ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டும். இப்போது காலையில் திண்டுக்கல்லில் ஒரு சாட்சி, மறுநாள் கிளையில் ஒரு மனு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வக்கீல்கள் இருக்கிறார்கள். இந்த ரகத்தை வீட்டில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். நான்காவது வாய்ப்பாக இப்படி ஒருவரைத் தேடிப் பாருங்கள். கீழ்க்கோர்ட்டில் ஆரம்பித்த வழக்கு மேல்முறையீட்டில் என்ன ஆகிறது என்று ஒரே கட்டில் பார்க்கக் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

சென்னை நிறுவனத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒப்பந்தம் எழுத, சரிபார்க்க ஆசை இருந்தால் போங்கள், நல்ல வேலை, நேரத்துக்குப் பணம். கோர்ட்டில் நின்று பேச ஆசை இருந்தால் அங்கே போய் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருவது கஷ்டம். 35,000 பழகிய கை 10,000க்கு இறங்காது.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் பேசிவிடலாம். நம் தொழிலில் இதைக் கேட்கக் கூச்சப்படுகிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் குறைந்தது 20,000, மற்ற இடங்களில் 15,000 உதவித்தொகை தரும்படி சுற்றறிக்கை அனுப்ப பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்று சொன்னது, ஆனால் அது பரிந்துரைதான். நடைமுறையில் எத்தனை ஆபீஸில் இந்தத் தொகை கைக்கு வருகிறது என்று நீங்களே நாலு ஜூனியர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும். என் காலத்தில் பொங்கலுக்கு ஒரு வேட்டியும் 500 ரூபாயும் தந்தார்கள், அதைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்களை நம்பாதீர்கள். முதல் தலைமுறையாக வருகிற பிள்ளைகள் பாதியில் தொழிலை விட்டுப்போவதற்கு இந்தப் பணம்தான் பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். ‘மாதம் எவ்வளவு தருவீங்க சார்?’ என்று நேராகக் கேளுங்கள். பெட்ரோலுக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற அளவுக்காவது தருகிறாரா பாருங்கள். ‘கத்துக்க வந்தியா, சம்பாதிக்க வந்தியா?’ என்று கேட்டால், இரண்டும்தான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கேள்வியையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2025 மே 20இல் உச்ச நீதிமன்றம், சிவில் நீதிபதி பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்க மூன்று வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்ற பழைய நிபந்தனையைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்தத் தீர்ப்பின்படி, தற்காலிகமாக, அதாவது பார் தேர்வுக்கு முன்பே, பதிவு செய்த நாளிலிருந்தே கணக்கு ஆரம்பம். அனுபவச் சான்று கொடுக்கிறவர் குறைந்தது பத்து வருட வக்கீலாக இருக்க வேண்டும், அதில் நீதித்துறை அதிகாரி ஒருவரின் ஒப்பமும் வேண்டும். இப்போது வக்காலத்துப் பெயருக்கு வாருங்கள். மூன்று வருடம் கட்டுத் தூக்கிவிட்டு ஒரு வக்காலத்தில்கூடப் பெயர் இல்லாதவருக்குச் சான்று வாங்குவது எவ்வளவு சங்கடம் என்று யோசியுங்கள். உங்கள் முன்சீப் கோர்ட் வக்கீலுக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது, அந்தக் கவலை இல்லை.

சீனியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. ஐம்பது வருடமாக, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் மனு. புதிய சட்டத்தில் அது 528க்குப் போய்விட்டது, 482 என்ற எண்ணில் இப்போது முன்ஜாமீன் உட்கார்ந்திருக்கிறது. அது பழைய 438. பழுத்த வக்கீல்கள் எல்லாம் வாய் தவறி நீதிபதியிடம் திருத்தம் வாங்கினார்கள், நானும்தான். அந்த மாதங்களில் ஒரு சீனியரை எடைபோடுவது சுலபமாக இருந்தது. சிலர், ‘புதுசுல என்ன நம்பர்ம்மா?’ என்று ஜூனியரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். சிலர் கேட்கக் கௌரவம் பார்த்துப் பழைய எண்ணையே போட்டு ரிட்டர்ன் வாங்கினார்கள். நீங்கள் முதல் ரகத்தைத் தேடுங்கள். இன்றைக்கும் மேஜையில் புதிய சட்டம் இருக்கிறதா, அது பிரித்த புத்தகமா, பிளாஸ்டிக் உறையோடு இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள்.

எழுதக் கொஞ்சம் தயக்கமான இரண்டு விஷயங்கள். நம் ஊரில் சீனியர்கள் ஜூனியரை எடுக்கும்போது சாதி, சொந்தம், அரசியல் கட்சி எல்லாம் உள்ளே வருகிறது. யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். எந்த ஆபீஸிலாவது இருக்கிற ஐந்து ஜூனியரும் ஒரே வகையறா என்றால் நல்ல கட்டு யார் கைக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்தது, நீங்கள் பெண். பல ஆபீஸ்கள் சீனியரின் வீட்டிலேயே இருக்கின்றன, வேலை சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் சூடுபிடிக்கும். அங்கே வேறு பெண் ஜூனியர்கள் இருக்கிறார்களா, எத்தனை மணிக்கு விடுகிறார்கள், அங்கே இருந்து விலகிய பெண்கள் ஏன் விலகினார்கள் என்று பெண் வக்கீல்களிடமே கேளுங்கள். அவர்களுக்குள் எல்லா ஆபீஸைப் பற்றியும் ஒரு கணக்கு இருக்கும், ஆண்கள் எங்களுக்கு அது தெரியாது. பெண் என்பதால் ‘குடும்ப நல வழக்கு மட்டும் பாரும்மா’ என்று ஒதுக்குகிற ஆபீஸும் வேண்டாம். சேர்ந்த பிறகு ஏதாவது சரியில்லை என்று மனதில் பட்டால் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

குமாஸ்தாவை மறந்துவிட்டேன் பாருங்கள். ஒரு ஆபீஸில் உங்களுக்கு இரண்டாவது குரு அவர்தான், சில நாட்களில் முதல் குருவும் அவர்தான். கோர்ட் கட்டணம் எந்தப் பிரிவில் எவ்வளவு, எந்த செக்‌ஷனில் எதற்கு ரிட்டர்ன் போடுவார்கள், நகல் மனு எங்கே தேங்கி நிற்கிறது, இதெல்லாம் கல்லூரியில் சொல்லித்தரவே மாட்டார்கள். தமிழ்நாட்டில் மதிப்பின்படி கட்டும் கோர்ட் கட்டணம் 7.5 சதவீதத்திலிருந்து 2017இல் 3 சதவீதம் ஆனபோது, எங்கள் கோர்ட்டில் முதலில் அதைத் தெரிந்து வைத்திருந்தவர் ஒரு குமாஸ்தா, நாங்கள் பழைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தோம். ஆபீஸுக்குப் போகும்போது குமாஸ்தா எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். இருபது வருடம் என்றால் அந்த சீனியரிடம் மனிதர்கள் தங்குகிறார்கள் என்று அர்த்தம். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறினால் யோசியுங்கள்.

ஒரு சீனியரிடம் போனால் அவருடைய நகலாக ஆகிவிடுவோமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. பம்பாயில் ஜாம்ஷெட்ஜி காங்கா என்று ஒரு சீனியர் இருந்தார். பல்கிவாலா, சீர்வை, பாலி நரிமன், சோலி சொராப்ஜி என்று அவருடைய அறையிலிருந்து வந்தவர்களின் பட்டியல் நீளம். 1973இல் கேசவானந்த பாரதி வழக்கு, 13 நீதிபதிகள், 68 நாள் வாதம். வழக்குப் போட்ட மடாதிபதி கேசவானந்த பாரதிக்காக நின்றவர் பல்கிவாலா, கேரள அரசுக்காக நின்றவர் சீர்வை. ஒரே அறையில் தொழில் பழகிய இரண்டு பேர், அரசியல் சட்டத்தின் அடிப்படையைப் பற்றி நேரெதிராக வாதாடினார்கள். தீர்ப்பும் 7க்கு 6 என்றுதான் வந்தது. நல்ல சீனியர் கட்டை எப்படிப் படிப்பது என்று கொடுப்பார், எந்தப் பக்கம் நிற்பது என்பதை உங்களிடம் விட்டுவிடுவார்.

விலகுவதைப் பற்றியும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒருநாள் விலகத்தான் போகிறீர்கள். சேரும்போதே ‘மூன்று வருடம் இருக்கலாம் என்று நினைக்கிறேன் சார்’ என்று சொல்லிவிடலாம், தப்பில்லை. ஆறு மாதத்தில் ஒரு சின்ன மனுவாவது உங்கள் கையெழுத்தில் திருத்தத்தோடு திரும்பி வரவில்லை என்றால், ஒரு வருடத்தில் ஒரு சாட்சியையாவது நீங்கள் விசாரிக்கவில்லை என்றால், மெதுவாக வேறு இடம் பாருங்கள். நான் ஒன்றரை வருடம் இருந்தது கூச்சத்தினால்தான். போகும்போது எல்லாக் கட்டையும் பட்டியல் போட்டு, அடுத்த வாய்தா தேதியோடு ஒப்படைத்துவிட்டு வாருங்கள். அவருடைய கட்சிக்காரரைக் கையோடு கூட்டிவர வேண்டாம். வேறொருவர் வக்காலத்து போட்ட வழக்கில் அவர் சம்மதம் இல்லாமல் நுழையக் கூடாது என்று விதியே இருக்கிறது. விதி இல்லாவிட்டாலும் சின்ன ஊர், நாளைக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்கப்போவது அவர்தான்.

உங்கள் மூன்றில் என் ஓட்டு முன்சீப் கோர்ட் வக்கீலுக்கு. ஆனால் நிபந்தனையோடு. இரண்டு வாரம் பார்த்த பிறகும் அவருடைய ஜூனியர் வாய்தா தவிர வேறு எதற்கும் வாய் திறக்கவில்லை என்றால் அந்த ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அப்போது கிளையையும் மாவட்டக் கோர்ட்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள். மே மாதம் சிவில் கோர்ட்டுக்கு விடுமுறை, ஜூனில் திறக்கும்போது சேர்வது நல்லது. விடுமுறைக்கு முன்பு போய்ப் பேசிவிட்டு, அந்த ஒரு மாதத்தில் பழைய கட்டுகள் நான்கைக் கேட்டு வாங்கி, பிராது முதல் தீர்ப்பு வரை படியுங்கள். முடிந்த கட்டைக் காட்டத் தயங்காத சீனியர் என்றால் அதுவே நல்ல அடையாளம்.

மதுரைக்காரருக்கு இப்போது முடியாது என்பதை போனில் சொல்ல வேண்டாம். நேரில் போய், ‘கீழ்க்கோர்ட்டில் கொஞ்ச நாள் நின்றுவிட்டு வருகிறேன் சார்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். மூன்று வருடம் கழித்து அதே படியை ஏற வேண்டி வரலாம்.